சீசன் நடக்குமா, நம்ம டீம் தேறுமா: சென்னையின் எஃப்சி ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல் தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. யாரைப் பார்த்தாலும் இதே கேள்விகள்தான் என்பதால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்து கேட்பவருக்கு இதை அனுப்பிவிடலாம். எழுதுவது ஜனவரி 2026 கடைசியில். நான் நடுநிலையானவன் இல்லை, நீலச் சட்டைக்காரன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், சீசன் நிஜமாகவே நடக்கிறதா?

நடக்கிறது. பிப்ரவரி 14 அன்று தொடக்கம் என்று ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். 14 அணிகள், 91 ஆட்டங்கள். போன சீசன் 2024 செப்டம்பர் 13 அன்றே தொடங்கிவிட்டது, அந்தக் கணக்கில் பார்த்தால் ஐந்து மாதம் தாமதம். இத்தனை முறை ஏமாந்தபிறகு ஒரு தேதியை நம்புவது கஷ்டம்தான், தெரியும். முதல் விசில் ஊதும்வரை "நடக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு இழுத்தது? நாலு வரியில் சொல்ல முடியுமா?

நாலு வரியில் முடியாது, பார்க்கலாம். 2010-இல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு ரிலையன்ஸ் பக்கம் எழுதிக் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் மேல்தான் எஃப்எஸ்டிஎல் என்ற நிறுவனம் ஐஎஸ்எல்லையே நடத்தியது, சம்மேளனத்துக்கு வருடத்துக்குச் சுமார் 50 கோடி ரூபாய் போனது. அது 2025 டிசம்பர் 8 அன்று முடிகிறது என்பது எல்லோருக்கும் 15 வருடமாகத் தெரிந்த விஷயம். ஆனால் புதுப்பிக்கப் பேச வேண்டிய நேரத்தில் சம்மேளனத்தின் சட்டதிட்டம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது, தீர்ப்பு வரும்வரை புதிதாக எதிலும் கையெழுத்துப் போட வழியில்லை. சீசன் மூன்றில் ஒரு பங்கு போவதற்குள் ஒப்பந்தம் காலாவதியாகிவிடும், அப்புறம் என்ன என்று தெரியாமல் எப்படித் தொடங்குவது என்று சொல்லி, ஜூலை 11 அன்று எஃப்எஸ்டிஎல் சீசனை நிறுத்தி வைத்தது.

செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட ஏலம் கேட்டிருக்கவில்லை. 140 கோடிப் பேர் வாழும் நாட்டின் முதல் நிலை கால்பந்து லீகை எடுத்து நடத்த ஒரு ஆள் வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அதற்கப்புறம்தான் அமைச்சகம் உள்ளே வந்து, எல்லோரையும் உட்கார வைத்து, சுருக்கமான ஒரு சீசனுக்குச் சம்மதிக்க வைத்தது.

இந்தக் குழப்பத்தில் நம்ம கிளப் என்ன செய்தது?

ஆகஸ்டில் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தியது. லீக் நடக்குமா என்று தெரியாமல் சம்பளமும் பயிற்சி மைதான வாடகையும் எத்தனை நாள் கொடுப்பது என்ற கணக்கு. நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது, பெங்களூருவும் ஒடிசாவும்கூட அதே நேரத்தில் சம்பளத்தையும் ஒப்பந்தங்களையும் நிறுத்தி வைத்தன. ரசிகனுக்கு அது வேறு மாதிரி வலித்தது. தோற்பது பழகிப்போன விஷயம். ஆடாமலே இருப்பது பழக்கமில்லை.

அப்படியென்றால் கிளப்பே ஒரு நாள் காணாமல் போகலாமா?

போகலாம். இதைச் சொல்லத் தயங்குவதில் அர்த்தமில்லை, கண்ணெதிரே நடந்திருக்கிறது. புனே சிட்டி 2019-இல் கடையை மூடியது, அந்த இடத்தில் ஹைதராபாத் வந்தது. அதே வருடம் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குக் குடிபோய் ஒடிசா எஃப்சி ஆனது. புனேயின் இடத்தில் வந்த ஹைதராபாத் 2021-22-இல் கோப்பையைத் தூக்கியது, இரண்டே வருடத்தில் பணம் இல்லாமல் வீரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, 2023-24-இல் சீசன் முழுக்க ஒரே ஒரு வெற்றி. இப்போது அந்த அணி டெல்லியில் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்ற பெயரில் ஆடப்போகிறது. ஹைதராபாத்தில் மஞ்சள் சட்டை வாங்கியவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா?

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஐஎஸ்எல்லுக்கு வெளியே நடக்கும் இன்னொரு தேசிய லீகான ஐ-லீக்கில் சாம்பியன் ஆனது. பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். (அதே சீசனில் நாம் ஐஎஸ்எல்லில் கடைசி இடத்தில் கிடந்தோம், அது தனி எரிச்சல்.) 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது சென்னை சிட்டி பட்டியலிலேயே இல்லை. சாம்பியன் பட்டம் ஒரு கிளப்பைக் காப்பாற்றாது, உரிமையாளர்களின் பொறுமைதான் காப்பாற்றும். அபிஷேக் பச்சன், விட்டா டானி, தோனி ஆகியோர் 2014-இலிருந்து இழுத்துப்பிடித்து வருகிறார்கள். அதற்காகவாவது கொஞ்சம் நன்றியோடு திட்டலாம்.

சரி, விஷயத்துக்கு வாருங்கள். இந்த வருடம் எத்தனையாவது இடம்?

இந்தக் கிளப்பைப் பற்றி சீசனுக்கு முன்னால் ஆரூடம் சொன்னவர்கள் யாரும் உருப்பட்டதில்லை. சும்மா சொல்லவில்லை, வரிசையாகப் பாருங்கள்.

2015-இல் சீசனின் பின்பாதியில் பட்டியலின் அடியில் கிடந்தோம். அப்புறம் தொடர்ச்சியாக வென்று மூன்றாவதாக வந்து அரையிறுதிக்குள் நுழைந்தோம். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினோம், கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். இறுதிப்போட்டி ஃபட்டோர்டாவில், எதிராளி கோவா, மைதானமும் கோவாவுடையது. 87-வது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் கோவா 2-1. டிவியை அணைத்தவர்கள் எத்தனையோ பேர். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கைக்கு வந்த பந்தைத் தன் கோலுக்குள்ளேயே விட்டார், 2-2. இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா. 3-2, கோப்பை நமக்கு. அடுத்த வருடம் எட்டு அணிகளில் ஏழாவது.

2017-18-இல் ஜான் கிரிகரி வந்தார். சுனில் சேத்ரி, மிக்கு என்று பெரிய பட்டாளத்தோடு லீகில் முதலிடம் பிடித்த பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே, கண்டீரவாவில், இறுதிப்போட்டியில் 3-2 என்று சாய்த்தோம். சேத்ரி 9-வது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார், அதன் பிறகு மைல்சன் ஆல்வெஸ் என்ற டிஃபெண்டர் தலையால் முட்டி இரண்டு கோல். அடுத்த சீசனில், அதே கோச்சோடு, கடைசி இடம். 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி.

இதற்கு அப்புறம் வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி: 2020-21, 2021-22, 2022-23. மூன்று சீசன், மூன்று கோச்சுகள் (லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச்), மூன்று விதமான ஆட்டம், மூன்று வருடமும் எட்டாவது இடம். வாஸ்து பார்த்தால்கூட இப்படி அமையாது. 2023-24-இல் ஆறாவது, போன முறை 13 அணிகளில் 11-வது. இதிலிருந்து அடுத்த எண்ணைக் கண்டுபிடிப்பவருக்கு என் செலவில் பிரியாணி.

புது ஃபார்மட் நமக்குச் சாதகமா?

இல்லை. எல்லோரும் தேதியைப் பற்றியே பேசுகிறார்கள், என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான்.

14 அணிகள் ஆளுக்கொரு முறை மோதினால் சரியாக 91 ஆட்டம் வரும். அறிவித்ததும் 91. அதாவது பிளே-ஆஃப் (பட்டியலில் முன்னால் வந்தவர்கள் கோப்பைக்காக மோதும் நாக்-அவுட் சுற்று) என்ற ஒன்றுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை, பட்டியலில் முதலில் நிற்பவர் சாம்பியன். நியாயமான முறை, உலகில் பெரும்பாலான லீகுகள் இப்படித்தான். ஆனால் நம் வரலாற்றைப் பாருங்கள். 2015-இல் மூன்றாவதாக முடித்து கோப்பை. 2018-இல் இரண்டாவதாக முடித்து கோப்பை. 2020-இல் நான்காவதாக முடித்து இறுதிப்போட்டி. நாம் பட்டியலில் முதலிடம் பிடித்த ஒரே வருடம் முதல் சீசனான 2014, அந்த வருடம் அரையிறுதியில் கேரளாவிடம் கூடுதல் நேரத்தில் வெளியே போனோம்.

பட்டியல் மட்டும்தான் கணக்கு என்றிருந்தால் நம் அலமாரியில் இரண்டு ஐஎஸ்எல் கோப்பைகளும் இருக்காது, 2014-இன் ஒன்று மட்டும் இருந்திருக்கும். சென்னையின் என்பது பின்வாசல் வழியாக வந்து விருந்தைச் சாப்பிட்டுப் போகும் அணி. இந்த வருடம் பின்வாசலைச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள்.

தவிர 13 ஆட்டம்தான். போன சீசனில் ஆளுக்கு 24 இருந்தது. நடுவில் நாலு ஆட்டம் சொதப்பினால் மீண்டு வர நேரம் இருந்தது, இப்போது நாலு ஆட்டம் என்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சீசன். மோகன் பகானை ஒரே முறைதான் சந்திப்போம், அது கொல்கத்தாவில் விழுந்தால் விழுந்ததுதான், பதிலுக்கு இங்கே வா என்று கூப்பிட முடியாது. இதில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது என்று வாதாடலாம்: ஆட்டம் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும், பலவீனமான அணிக்கு அது லாபம். வாதம் சரி. நம் அதிர்ஷ்டத்தை நம்பச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

சூப்பர் கப்பில் ஆடியதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

அது லீகிலிருந்து தனியான கோப்பைத் தொடர். அக்டோபரில் கோவாவில் மோகன் பகானிடம் 0-2, மூன்று நாள் கழித்து ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. பார்க்கச் சகிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மாதக்கணக்கில் கதவை மூடி வைத்திருந்த கிளப் அவசரமாக ஆள் சேர்த்துக் கூட்டிப்போன அணி. எதிரே நின்றவை கொல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகள், கோடையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தவை. கொஞ்சம் பயப்படுங்கள், முழுசாக வேண்டாம்.

புது கோச் கிளிஃபர்ட் மிராண்டாவை நம்பலாமா?

நான் நம்புகிறேன். கோவாக்காரர், டெம்போவில் பல வருடம் நடுகளத்தில் ஆடியவர். 2023 ஏப்ரலில் ஒடிசாவுக்கு இடைக்கால கோச்சாகப் போய், இறுதிப்போட்டியில் பெங்களூருவை வென்று சூப்பர் கப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். குறைந்த நாளில், கையில் கிடைத்த ஆட்களை வைத்து ஒரு தொடரை ஒப்பேற்றும் வித்தை அவருக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இந்த சீசன் கேட்பதும் ஏறக்குறைய அதையேதான்.

முந்தைய கோச் ஓவன் கோய்லை இழந்ததில் எனக்கும் வருத்தம் உண்டு. அதற்காக ஒவ்வொரு தோல்விக்கும் "கோய்ல் இருந்திருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள். 11-வது இடம் அவர் இருந்தபோது வந்ததுதான்.

முதல் இரண்டு மூன்று ஆட்டம் தோற்றால் எப்போது பதற ஆரம்பிக்கலாம்?

2019-20-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, கொல்கத்தாவிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. நான்கு ஆட்டம் முடிந்தும் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஐந்தாவது ஆட்டம் நவம்பர் 25, நம் சொந்த மைதானம் இருக்கும் பெரியமேட்டில், ஹைதராபாத்தோடு. 90 நிமிடம் முடிந்து இன்னும் 0-0. கூட்டத்தில் பாதி வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. 92-வது நிமிடத்தில் ஷெம்ப்ரி கோல், சீசனின் முதல் கோல், யாரென்றே தெரியாத பக்கத்து சீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்த சத்தம் அடங்குவதற்குள் 95-வது நிமிடத்தில் கில்காலன் தலையால் முட்டி 1-1. சரி, இதுதான் நம் விதி என்று தலையில் கை வைத்து உட்கார்ந்த நொடியில், 96-இல் வால்ஸ்கிஸ். 2-1.

அந்த வாரமே கிரிகரி விலகினார், டிசம்பரில் கோய்ல் வந்தார், அதே அணி மார்ச்சில் இறுதிப்போட்டியில் நின்றது. வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார். இறுதிப்போட்டியில் தோற்றோம், 1-3, கொரோனா காரணமாக ஆளே இல்லாத மைதானத்தில். ஆனால் நவம்பரில் அதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எனவே பழைய கணக்கில் பதற்றத்துக்கு உரிய நேரம் ஆறாவது ஆட்டம். இந்த முறை 13 ஆட்டம்தான் என்பதால் மூன்றாவதிலேயே ஆரம்பித்துவிடலாம், தவறில்லை.

எதற்கு இந்த வேதனை? பேசாமல் பிரீமியர் லீக் மட்டும் பார்க்கலாமே?

பாருங்கள், நானும்தான் பார்க்கிறேன். ஆனால் அன்ஃபீல்டில் நீங்கள் கத்துவது யாருக்கும் கேட்காது. பெரியமேட்டில் பி ஸ்டாண்டிலிருந்து கத்தினால் த்ரோ-இன் எடுக்க வருபவர் திரும்பிப் பார்ப்பார். நடுவில் தடகள ஓடுபாதை இருப்பதால் கொஞ்சம் பலமாகக் கத்த வேண்டும், அவ்வளவுதான்.

கேரளா மேட்சுக்கு நம் கேலரியிலேயே மஞ்சள் சட்டை அதிகமாக இருக்குமே, அது ஏன்?

சென்னையில் மலையாளிகள் அதிகம், ரயிலேறி வருபவர்கள் அதைவிட அதிகம், அவர்கள் கால்பந்துக்காகப் பயணம் செய்வார்கள். நம்மவர்கள் மழை வரும்போல இருந்தாலே டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நம் ரசிகர் குழுக்களான சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் டிரம், கொடி, பேனர் என்று வருடக்கணக்கில் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். இந்தக் கேள்விக்கு டிக்கெட் வாங்குவதைத் தவிர வேறு பதில் இல்லை.

டீமில் தமிழ்நாட்டுப் பையன்கள் ஏன் இத்தனை குறைவு?

நியாயமான கோபம். வியாசர்பாடியில் மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள், பந்து இல்லாத சந்து கிடையாது. அங்கிருந்து வந்த தனபால் கணேஷ் 2018-இல் நம்மோடு கோப்பை வென்றார். ஆனால் நந்தகுமார் சேகரைப் பாருங்கள், சென்னைப் பையன், ஐஎஸ்எல்லில் டெல்லி, ஒடிசா என்று சுற்றிவிட்டு 2023 டியூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டார். கொல்கத்தாவே கொண்டாடியது. அந்த விங்கர் நம் சட்டையில் இருந்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. சீசன் ஏதோ ஒன்று நடந்தால் போதும் என்ற இன்றைய நிலையில் உள்ளூர் வீரர்களை வளர்க்கும் பேச்சு இன்னும் பின்னால் போய்விடும் என்பதுதான் என் பயம்.

புதிதாக வந்திருக்கும் இன்டர் காசியை எப்படி எடுத்துக்கொள்வது?

லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-25 ஐ-லீக் பட்டத்தை சர்ச்சில் பிரதர்ஸுடன் சுவிட்சர்லாந்து விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் வாதாடி வாங்கிக்கொண்டு வந்தவர்கள். மைதானத்திலும் அப்படித்தான் விடாமல் தொங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

புது ஜெர்சிக்குக் காத்திருக்கவா, பழையதே போதுமா?

பழையதே போதும். நீலம் எந்த வருடத்து நீலம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பணத்தை டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆறோ ஏழோ சொந்த ஊர் ஆட்டம்தான் வரும், எல்லாவற்றுக்குமே போனாலும் பெரிதாகச் செலவாகாது. அட்டவணையில் தேதியும் மைதானமும் கண்ணால் பார்த்தபிறகு ஆபீசில் லீவு சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பெரியமேட்டுக்கு வண்டியில் வராதீர்கள், சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி ரிப்பன் மாளிகையைச் சுற்றி நடந்து வருவதுதான் வேகம். குழந்தைகளைக் கூட்டி வந்தால் டிரம் பக்கத்தில் உட்காராதீர்கள், காது போய்விடும். நான் பி ஸ்டாண்டில்தான் இருப்பேன்.